பின்னால் கூப்பிடாதவள்

காலை நாலு நாற்பதுக்கு எழுந்திருப்பேன். பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவேன். கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி இறைத்து முகம் கழுவுவேன். கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வேன். இருட்டிலும் எண்கள் பச்சையாகத் தெரிகிற கடிகாரம். அரைக்கால் சட்டை, பனியன். வெறுங்கால். கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வேன். ஐந்து மணிக்குத் தல்லாகுளத்தில் மேலூர் ரோட்டைப் பிடித்தால் ஒத்தக்கடை வரை ஐந்து மைல் ஓட்டம். அங்கே ஒரு டம்ளர் காப்பி. திரும்புவது நடை. குளித்துவிட்டு ஒன்பதே முக்காலுக்குப் பள்ளிக்கூடம்.

என் மனைவி சோலை இறந்தபிறகு ஒரு வருஷமாக இதுதான். மழை, பனி என்று பார்ப்பதில்லை.

நான் பி.ஏ. படித்தவன். பிள்ளைகளுக்குக் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுக்கிறவன். யாராவது பேய் பிசாசு என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் 1939-ஆம் வருஷம், நவம்பர் பதினாறு, வியாழக்கிழமை, காலை ஐந்து பதினேழு முதல் ஐந்து முப்பத்து நாலு வரை மேலூர் ரோட்டில் நடந்தது நடந்ததுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை. எனக்கு மட்டும் நடந்திருந்தால் மூளைக் கலக்கம் என்று விட்டிருப்பேன். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள்.

சோலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோலையம்மாள் என் தாய்மாமன் மகள். செக்கானூரணிக்குப் பக்கத்து ஊர். எங்கள் பக்கத்தில், வெளியே கிளம்பினவனைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் ஓட்டப் பந்தயத்துக்குக் கிளம்பி நான் வாசல் தாண்டியபோது, "மாமா, துண்டு!" என்று கூப்பிட்டுவிட்டாள். அன்று கடைசி வளைவில் கால் பிசகி விழுந்தேன். மூன்று வருஷம் தொடர்ந்து முதலில் வந்தவனுக்கு அன்று இடமே இல்லை. முழங்காலில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து, "உன்னை யாருடி பின்னால கூப்பிடச் சொன்னா?" என்று கத்தினேன். நம்பாத ஒன்றை வைத்துக் கத்தினேன். யார் தலையிலாவது போட வேண்டியிருந்தது.

அவள் அழவில்லை. "இனிமே கூப்பிட மாட்டேன் மாமா" என்றாள்.

கூப்பிடவே இல்லை. நான் எதையாவது மறந்துவிட்டுப் போனால், கொல்லைப்பக்கச் சந்தில் புகுந்து ஓடி, தெருமுனையில் எனக்கு முன்னால் வந்து நிற்பாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் ஓடிவருவாள், அவசரத்தில் வாய்தவறி வந்துவிடக் கூடாதே என்று. முகத்துக்கு முகம் பார்த்தபிறகுதான் கையை எடுப்பாள்.

"குடைய மறந்துட்டீக."

"இதுக்காடி இம்புட்டு ஓட்டம்?"

"ஓட்டக்காரன் பொண்டாட்டியில்ல?"

தெருவே சிரிக்கும். நானும் சிரித்தேன். ஒருநாள்கூட, "அது சும்மா கோவத்துல சொன்னது, கூப்பிட்டுக்கோ" என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

1938 ஆவணியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருப்பரங்குன்றம் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று சின்ன மூச்சு, பிறகு ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று, ஒரு நிறுத்தம். இருதயம் பலவீனம் என்றார் டாக்டர். கடற்காற்று நல்லது என்றும் சொன்னார். என் கல்லூரித் தோழன் சௌரிராஜன் அப்போது மண்டபத்தில் ரயில்வே குமாஸ்தா. கடல் என் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது, அழைத்துக்கொண்டு வா என்று எழுதினான். நவம்பரில் லீவு போட்டுவிட்டுப் போனோம்.

ஐந்து நாளும் மழை. ஐந்து நாளும் வாடைக்காற்று. சௌரிராஜன் மனைவி பத்மாசினி, "வெயில் நாள்ல வந்திருக்கக் கூடாதா அண்ணா?" என்று அங்கலாய்த்தாள். எனக்கோ திருவிழா. மதுரையில் ஓடுவது புழுதியில் ஓடுவது. அங்கே ஈரமணல் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. போகும்போது எதிர்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். மழை கன்னத்தில் ஊசியாகக் குத்தும். உதட்டில் உப்பு. கண்ணைத் திறக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மைல் போய்த் திரும்பினால், அதே காற்று முதுகில் கைகொடுத்துத் தூக்கிவரும். கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. ஆளில்லாத கரையில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

சோலை போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள்.

"கட்ட அவுத்துவிட்ட கன்னுக்குட்டி கெட்டுச்சு, போங்க."

"நீயும் வாரியா?"

"உடம்பு சரியாகட்டும். அப்பப் பாருங்க, உங்களத் தாண்டி ஓடுறேனா இல்லையான்னு."

ஐந்தாம் நாள், நவம்பர் பதினாலு. ஐந்து பத்துக்குக் கிளம்பினேன். வாசல்வரை வந்து நின்றாள். அன்றைக்குத்தான் காற்று மிக அதிகம். கால் மைல் போயிருப்பேன். பின்னால் யாரோ ஓடிவருகிற மாதிரி இருந்தது. எதிர்காற்றில் பின்னாலிருந்து சத்தம் கேட்காது, ஓடுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் பந்தயக்காரனின் முதுகுக்கு ஆள் வருவது தெரியும். தெரிந்தால் செய்வது ஒன்றுதான். வேகத்தைக் கூட்டினேன். திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டு அடி நஷ்டம் என்று படித்த காலத்திலிருந்தே பழக்கம்.

அன்று ஓடியதுபோல் நான் என்றுமே ஓடியதில்லை. ஆறு மைல், நாற்பத்து மூன்று நிமிஷம்.

ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு வாசலில் வந்து நின்றேன். உள்ளே பத்மாசினி அழுகிற சத்தம் கேட்டது. சோலை பாயில் கிடந்தாள். உலர்ந்த சேலை. முகம் துடைத்திருந்தது. "நீ போனதும் திரும்பி வந்து படுத்தாடா. தூக்கத்துலயே போயிட்டா" என்றான் சௌரிராஜன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் தலைமுடி நனைந்திருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அதன்பின் ஒரு வருஷம் எனக்கு ஒரே கேள்வி. படுக்கையில் இருந்தவளுக்குத் தலை எப்படி நனைந்தது? என்னிடம் ஏதோ சொல்ல வந்தாளா? என்ன சொல்ல வந்தாள்? சௌரிராஜனுக்கு எழுதிக் கேட்கலாம். நாலு முறை கார்டு வாங்கினேன். எழுதவில்லை. பதில் வந்துவிடுமே என்று பயம்.

இனி அந்த வியாழக்கிழமை.

இரவெல்லாம் மழை. காலையிலும் விடவில்லை. ஐந்து மணிக்கு ஓட ஆரம்பித்தபோது நேர் எதிரே வாடைக்காற்று. ரோட்டில் யாருமில்லை. இரண்டு மைல் தாண்டியதும் ஒரு பக்கம் கண்மாய். கரை முட்ட நிறைந்து அலை அடித்துக்கொண்டிருந்தது. கடல் சத்தம். மழை கன்னத்தில் குத்தியது. காற்று நெஞ்சில் கைவைத்தது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக ஓட்டம் சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததற்கு வெட்கப்பட்டேன்.

மணி ஐந்து பதினேழு.

சளக்... சளக்... சளக்... என் காலடி.

சளக்... சளக்... தப்.

ஒன்று கூடுதல்.

தண்ணீர்ச் சத்தம், எதிரொலி என்று நினைத்தேன். ரோட்டில் பெரிய குட்டை ஒன்று கிடந்தது. வளைந்து சுற்றி ஓடினேன். பின்னால் வந்தது வளையவில்லை. நேராக வந்தது. தப்... தப்... தப்... குட்டைக்குள் கால் விழுந்தும் தண்ணீர் கலங்குகிற ஓசை மட்டும் கேட்கவில்லை.

ஐந்து இருபத்தொன்று. உத்தங்குடிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் செவலை நாய் ஒன்று இருக்கும். தினமும் குரைத்துக்கொண்டு நூறு அடி என்னைத் துரத்தும். அன்றும் குரைத்துக்கொண்டு வந்தது. நடுவிலேயே குரைப்பதை நிறுத்தியது. அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தது.

வாலை ஆட்டியது.

நான் திரும்பவில்லை. பயங்கரமாக ஏதாவது நிற்கும் என்ற பயம் எனக்கு இல்லை. ஒன்றுமே இருக்காதோ என்றுதான் பயம்.

ஐந்து இருபத்து நாலு. எதிரே வெளிச்சம். மேலூர்ப் பக்கமிருந்து ஒரு கூண்டு வண்டி. அடியில் அரிக்கேன் ஆடியது. முன்னால் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு வண்டிக்காரர். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முகம். கிட்டே வந்ததும் அவர் சத்தம்போட்டார்.

"ஏ தம்பி! பொம்பளப்பிள்ளைய மழையில விட்டுட்டு நீ பாட்டுக்கு ஓடுறியே, நல்லாவா இருக்கு?"

"வாயப் பொத்திக்கிட்டு வருதுங்க பாவம்" என்றாள் அந்தப் பெண். "மசக்கையோ என்னமோ. யோவ், கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்யா!"

கால் நிற்கவில்லை. வண்டி என்னைக் கடந்தது.

பின்னால் அவர் குரல் மறுபடி கேட்டது. இந்தத் தடவை மெதுவாக.

"ஓரமா வா தாயி. மாடு மிரளும்."

சக்கரம் ரோட்டை விட்டு இறங்குகிற சத்தம். யாருக்கோ வழிவிட்டு ஏறுகிற சத்தம். பிறகு வண்டிச் சத்தம் காற்றில் அடியோடு அற்றுப்போனது. அப்படித்தான் அற்றுப்போக வேண்டும். எதிர்காற்று.

காலடிச் சத்தம் மட்டும் அற்றுப்போகவில்லை.

தப்... தப்... தப்...

அதனோடு இப்போது மூச்சு. மூன்று சின்ன மூச்சு. ஒரு நிறுத்தம்.

மூன்று. ஒரு நிறுத்தம்.

என் கால் தானாக வேகம் எடுத்தது. பந்தயப் பழக்கம். பின்னால் காலடியும் வேகம் எடுத்தது. மூச்சு உடைந்தது. இரண்டு... நிறுத்தம். ஒன்று... நிறுத்தம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

துரத்தவில்லை.

எனக்கு முன்னால் வரப் பார்க்கிறாள்.

நின்றேன். ஐந்து முப்பத்தொன்று. ரோட்டின் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"வா சோலை" என்றேன். "நிக்கிறேன். வா."

தப்... தப்...

இடது தோள் பக்கம்.

மூன்று மூச்சு.

தாண்டிப் போனது.

நின்றது.

முகத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் மழை. தலையில் மழை. ஆனால் நெஞ்சில் மழை படவில்லை. மோவாய்க்குக் கீழே காற்று இல்லை. அவள் என் மோவாய் உயரம்.

எனக்கும் காற்றுக்கும் நடுவில் ஓர் ஆள் நின்றது.

"கையை எடு" என்றேன். "சொல்லு."

மூன்று மூச்சு. ஒரு நிறுத்தம்.

எண்ணினேன். பதினொன்று வரை எண்ணினேன்.

"என்னத்தச் சொல்ல வந்த? சொல்லு தாயி..."

பன்னிரண்டு.

மழை சடாரென்று நெஞ்சில் அடித்தது.

கண்ணைத் திறந்தேன். ஐந்து முப்பத்து நாலு. ரோடு வெறுமையாகக் கிடந்தது. தூரத்தில் யானைமலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

ஒத்தக்கடைக்குப் போகவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன். அன்று ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு எடுத்தேன். தப்பில்லாமல் எடுத்தேன்.

அந்த வாரம் சௌரிராஜன் மனைவியோடு ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் அவன் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

"சோலை எங்க கிடந்தா?" என்று கேட்டேன்.

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். பத்மாசினிதான் பேசினாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இவர் சத்தியம் வாங்கிட்டார் அண்ணா. நீங்க தாங்க மாட்டீங்கன்னு."

"பரவால்ல. சொல்லுங்க."

"படுக்கையில இல்ல. மணல்ல. எங்க வாசல்லேர்ந்து ரெண்டு பர்லாங் இருக்கும். கதவு திறந்து கிடக்குதேன்னு நான் தேடிட்டுப் போனேன். நீங்க போன திசையப் பார்த்து, குப்புற..."

நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வாயைப் பொத்தின கை பொத்தினபடியே இருந்தது அண்ணா. எடுக்க வரலை. நாங்க ரெண்டு பேருமா விரலை ஒவ்வொண்ணா பிரிச்சோம். உள்ளங்கையில அவ பல்லு அம்புட்டும் பதிஞ்சிருந்தது. ஒரு சத்தம் போட்டிருந்தா நானாவது ஓடி வந்திருப்பேனே... ஏன் போடலை? இன்னிவரைக்கும் எனக்குப் புரியலை."

எனக்குப் புரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

சௌரிராஜனைப் பார்த்தேன். அவன் முதுகுதான் தெரிந்தது.

"என்னை ஏன்டா கூப்பிட வரல?"

"வந்தேன்டா."

"வரலியே."

"வந்தேன்." அவன் குரல் தேய்ந்துபோயிருந்தது. "அவளத் தூக்கிட்டு வந்து போட்டுட்டு, அரிக்கேன எடுத்துக்கிட்டு உன் காலடியப் பார்த்துக்கிட்டே வந்தேன். தண்ணி ஓரத்துல பளிச்சுன்னு இருந்தது. உன் காலடி... அது பின்னாலயே அவ காலடி. சின்னக் கால். விரல்ல மிஞ்சி பதிஞ்ச தடம். அவ விழுந்த இடம் வந்தது. பெரிசா மணல் குழிஞ்சு கிடந்தது."

"சரி."

"அதைத் தாண்டியும் போச்சுடா."

"எது?"

"அவ காலடி."

பத்மாசினி அழுவதை நிறுத்தினாள். இது அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது.

"கொஞ்ச தூரம் உனக்குப் பின்னால போச்சு. அப்புறம் உனக்குப் பக்கத்துலயே போச்சு. ஒரு பர்லாங் பார்த்துக்கிட்டே நடந்தேன். அப்புறம் உனக்கு முன்னால போயிருந்தது. அங்க..."

"அங்க?"

"திரும்பியிருந்தது. உன்னைப் பார்த்து. ரெண்டு காலும் சேர்ந்தாப்ல, ஆழமா. யாரோ நிக்கிற மாதிரி." அவன் திரும்பினான். "நீ நிக்கலடா. அதுமேலயே மிதிச்சு ஓடியிருந்த. அதுக்கு மேல என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியல. திரும்பிட்டேன்."

நான் எப்போது அந்த வீட்டிலிருந்து இறங்கி வந்தேன் என்று நினைவில்லை.

அன்று மணலில் எனக்கு முன்னால் வந்து நின்றவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரியாது. மேலூர் ரோட்டில் வந்து நின்றபோதும் சொல்லவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. அதன்பிறகு எத்தனையோ மழை, எத்தனையோ காற்று. யாரும் என் பின்னால் ஓடிவரவில்லை.

உயிரோடு அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது, மண்டபத்தில் வாசற்படியில் சொன்னதுதான். காற்றில் பறந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள்.

"நல்ல காத்து மாமா. அவசரப்படாம ஓடிட்டு வாங்க. நான் எங்க போயிறப் போறேன்."